பச்சை உப்பு

நாக்கை நீட்டச் சொல்லி ஒருவரையொருவர் சோதித்தோமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? மாலையில் மத்ரஸாவில் ஓதி முடித்து வெளியே வந்ததும், செருப்பைத் தேடிப் போடுவதற்கு முன்னாலேயே அந்தச் சோதனை நடக்கும். நாக்கு வெள்ளையாக இருந்தால் நோன்பாளி. சிவப்பாக இருந்தால் கள்ளி. என் நாக்கு அந்த ஒரு நோன்பு மாதம் முழுக்கப் பச்சையாக இருந்தது. நீங்கள் எனக்கு ஆட்டுக்குட்டி என்று பெயர் வைத்தீர்கள். பெருநாள் வந்தும் அந்தப் பெயர் போகவில்லை.

நமக்கு இப்போது இருபத்தைந்து தாண்டிவிட்டது. உங்களில் பாதிப்பேர் சொந்தப் பிள்ளைகளின் நாக்கைச் சோதிக்கிறீர்கள். அதனால் அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வளவு, வீடும் முற்றமும் கிணற்றடியும், முழுவதும் கடல் மணல். ஊற்றிய தண்ணீர் நின்று பார்ப்பதற்குள் கீழே இறங்கிவிடும். அந்த மணலில் உம்மா புதினாவும் மல்லி இலையும் வளர்த்தார் என்றால் அதற்கு வாப்பாதான் காரணம். சம்மாந்துறைப் பக்கம் வயல் வேலைக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம், சைக்கிள் கரியரில் ஒரு சாக்கு வயல் மண் கட்டிக்கொண்டு வருவார். ஒழுங்கையில் நிற்பவர்கள் அண்ணன் முறை வைத்துக் கேட்பார்கள்.

"என்ன காக்கா, வயல ஊட்டுக்கே கொண்டு வாறீங்களா?"

"ஓம். கொஞ்சம் கொஞ்சமா."

அந்தக் கறுத்த மண்ணைச் சாணத்தோடு பிசைந்து, உடைந்த பேசின்களிலும் பிடி போன வாளிகளிலும் நிரப்பி, கிணற்றைச் சுற்றி உம்மா வரிசையாக வைத்திருந்தார். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வழியில் கறிக்கு வாசம் தரும் ரம்பைச் செடி, பாத்திரம் கழுவுகிற கல்லுக்குப் பின்னால் கறிவேப்பிலை. கொத்தமல்லி விதையைச் செருப்பால் ஒரு தேய் தேய்த்து இரண்டாகப் பிளந்துதான் விதைப்பார். முழு விதையைப் போட்டால் அது யோசித்து யோசித்துத்தான் முளைக்கும் என்பார்.

அந்தக் காலத்தில் நோன்பு மாதம் கச்சான் காற்றுக் காலத்தில் வந்துகொண்டிருந்தது. மேற்கே வயல் வெளியிலிருந்து சூடாக வீசுகிற அந்தக் காற்று உங்கள் உதடுகளுக்கு இன்னும் மறந்திருக்காது. காயப்போட்ட துணி கால் மணி நேரத்தில் பலகை மாதிரி விறைத்துவிடும். புதினா ஒரே பகலில் கருகிவிடும். மல்லி இலை மஞ்சளாகிப் படுத்துவிடும். கஞ்சிக்கு இலை மிக அதிகமாக வேண்டிய மாதத்தில்தான் இலையே இருக்காது.

அதனால் கச்சான் தொடங்குவதற்கு முன்னமே உம்மா எல்லாவற்றையும் வெட்டிவிடுவார். புதினா, மல்லி இலை, கறிவேப்பிலை மூன்றையும் கழுவி, வாப்பா உடுத்த பழைய சாரத்தில் பரப்பி, நிழலில் ஈரம் போகும்வரை விடுவார். பிறகு காரத்துக்குப் பச்சைக் கொச்சிக்காயும் கல்லுப்பும் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் அம்மியில் அரைப்பார். எனக்கு மூத்தவளான ராத்தாவின் வேலை இலைகளைக் காம்பு கிள்ளிக் கொடுப்பது. என் வேலை அம்மியில் இருந்து இலை விழாமல் பார்ப்பது என்று சொல்லப்பட்டது. உண்மையில் நான் விழுந்த இலைகளைத் தின்றுகொண்டிருந்தேன். அரைத்ததைச் சிவப்பு மூடி போட்ட பெரிய கண்ணாடிப் போத்தலில் அமுக்கி, மேலே ஒரு விரல் கனத்துக்கு உப்பைப் பரப்பி மூடுவார். குளிர்சாதனப் பெட்டி எதுவும் எங்கள் வீட்டில் அப்போது கிடையாது. ஈரக் கரண்டி படாதவரைக்கும் அது ஆறு மாதம் அப்படியே பச்சையாக இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பச்சை உப்பு என்று பெயர். வேறு வீடுகளில் என்ன பெயர் என்று தெரியாது. வேறு வீடுகளில் அது இருந்ததா என்றும் தெரியாது.

நோன்புக் கஞ்சியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்குகிற நேரத்தில் இரண்டு கரண்டி பச்சை உப்புப் போட்டுக் கலக்கினால், கருகிப்போன தோட்டம் முழுவதும் சட்டிக்குள் எழுந்து நிற்கும். அடுத்த வளவுப் பெண்கள் கேட்பார்கள், "மச்சி, ஒங்கட ஊட்டுல மட்டும் எங்கால புதினா?" என்று.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. உப்பு மெல்ல மெல்ல அடியில் இறங்கிவிடும். போத்தலின் மேல் பாதியில் எடுத்தால் இலை அதிகம், அடியில் எடுத்தால் உப்பு அதிகம். இரண்டு கரண்டி என்பது ஒவ்வொரு நாளும் வேறு வேறு இரண்டு கரண்டி. ஒருவர் வாயில் வைத்துப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று மௌலவி சொல்லியிருந்தார். உம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆகவே நோன்பு பிடிக்காத பிள்ளை ஒன்று எங்கள் குசினிக்குத் தேவைப்பட்டது.

அந்தப் பிள்ளை நான். எனக்கு ஒன்பது வயது. நோன்பு தொடங்குவதற்கு முந்திய மாதம் காய்ச்சலில் கிடந்து எலும்பாக எழும்பியிருந்தேன். உம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷம் ஒனக்கு நோன்பு இல்ல புள்ள. நீ உப்புப் பாத்தாக் காணும். அதுவும் நன்மதான்."

தினமும் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும், நான் மத்ரஸாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால், என்னைக் கூப்பிடுவார். உள்ளங்கையில் ஒரு சொட்டுக் கஞ்சி விழும். ஊதி நக்கிவிட்டு, கண்ணை மூடி, உப்புப் போதுமா போதாதா என்று நீதிபதி மாதிரி நின்று சொல்வேன். "கொஞ்சம் காணாது." "இப்ப சரி." முதலில் அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவளும் நான்தான், உப்புக்குத் தீர்ப்புச் சொல்பவளும் நான்தான் என்று தலை கனத்துத் திரிந்தேன். உங்கள் ஆட்டுக்குட்டி என்ற பெயர் வந்த பிறகுதான் அது கசந்தது. நீங்கள் ஆளுக்குப் பத்து நோன்பு, பன்னிரண்டு நோன்பு என்று கணக்குச் சொன்னீர்கள். எனக்கு ஒன்றுகூட இல்லை.

ஒரு நாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கான பாத்திரச் சத்தம் கேட்டு விழித்தேன். தலைமாட்டில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். இன்றைக்கு நோன்பு பிடிக்கிறேன் என்று படுத்தபடியே நிய்யத்து வைத்துக்கொண்டேன். யாருக்கும் சொல்லவில்லை. பகல் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டேன், மீனைப் பூனைக்கு. இரண்டும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் நான் தேர்ந்தெடுத்த நாள்தான் பிழை. அன்றைக்குத்தான் ராத்தாவைப் பார்க்கப் பாலமுனையில் இருந்து மாப்பிள்ளையின் உம்மாவும் மூத்த மகளும் வருவதாக இருந்தது. உம்மாவின் தங்கை புருஷன், எங்கள் சாச்சா, பேசிக்கொண்டு வந்த சம்பந்தம் அது. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார் அல்லவா. மகனை அனுப்பப் போகிற வீடு எப்படிப்பட்டது என்று பார்ப்பதற்காக அந்தத் தாய் எங்களோடு நோன்பு துறக்க வருகிறார். ராத்தா எப்போதும்போல் இருப்பதாகக் காட்டிக்கொண்டாள். ஆனால் காலையில் இருந்து மூன்று தரம் முகம் கழுவினாள். மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை, சாச்சாவின் கடை வாசலில் பார்த்திருந்தாள். அதைப் பற்றி எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். "சிரிச்சாப்போல ஒரு முகம்" என்று.

போத்தலில் பச்சை உப்பு கீழ்ப் பாதிக்கு வந்திருந்தது. உம்மா தோண்டி எடுத்து இரண்டு கரண்டி போட்டார். அடுப்புக்கு முன்னால் அவர் முகம் சிவந்து கிடந்தது.

"வா மகள். உப்புப் பாரு."

உள்ளங்கையில் சொட்டு விழுந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியபோது எனக்குக் கண் இருட்டியது. திரும்பி நின்று, கையை வாயருகே கொண்டுபோய், ஊதி, பாவாடையின் பின்பக்கம் துடைத்துவிட்டேன்.

சரி என்று சொல்லியிருந்தால்கூட ஓரளவு தப்பியிருக்கும். ஆனால் முதல் தடவையே நான் ஒரு நாளும் சரி சொன்னதில்லை. உம்மா சந்தேகப்படுவார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் காணாது உம்மா."

ஒரு சிட்டிகை உப்பு விழுந்தது. மறுபடி ஒரு சொட்டு. மறுபடி பாவாடை.

"இன்னும் ஒரு கொஞ்சம்."

"இன்னுமா? நல்லாப் பாத்துச் சொல்லு புள்ள, ஆக்கள் வாற நாள்."

"ஓம் உம்மா. நல்லாப் பாத்துட்டன்."

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. மாப்பிள்ளையின் உம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய மகள் தாயைப் பார்த்தார். ராத்தா தன் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். உம்மா அப்போதுதான் வாயில் வைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை. ஏனென்றால் நான் தண்ணீர்க் குடத்தடியில் நின்று மூன்றாவது கோப்பையைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சி, கோவிச்சுக்காதீங்க. உப்புக் கூடிப் பெயித்து" என்றார் உம்மா.

"நோன்போட சமைச்சா அப்பிடித்தான்" என்றார் வந்தவர். பிறகு சிரித்துக்கொண்டே, "ஊட்டுல சின்னப் புள்ள ஒண்டு இரிக்கே, ஒரு வாய் பாக்கச் சொல்லக் கூடாதா?"

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோப்பை என் வாயில் இருந்தது. பாவாடையின் பின்பக்கம் சுவர்ப் பக்கமாக இருக்க வேண்டியது, அறைப் பக்கமாக இருந்தது. அதில் இரண்டு பச்சைக் கோடுகள்.

"மறந்திட்டன் மச்சி" என்றார் உம்மா. "அவளக் கூப்புட மறந்திட்டன். என்ட பிழைதான்."

அவர்கள் இடியப்பம் சாப்பிட்டார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், நல்லபடியாகக் கதைத்துவிட்டுப் போனார்கள். கஞ்சிக் கோப்பைகள் மட்டும் நிறைந்தபடி இருந்தன.

உம்மா அவற்றைக் கிணற்றடிக்கு எடுத்துப்போனார். நான் பின்னால் போனேன். அடி விழும் என்று நினைத்தேன். அவர் கோப்பைகளை ரம்பை அடியில் ஊற்றப் போய், உப்பு செடிக்கு ஆகாது என்று நினைவு வந்து, தள்ளிப்போய் மணலில் ஊற்றினார். பிறகு என் முன்னால் குந்தினார்.

"நாக்க நீட்டு."

நீட்டினேன். தண்ணீர் குடித்தும் அந்த வெள்ளை முழுவதும் போகவில்லை.

"முழு நோன்பா?"

"ஓம்."

"சஹர் சாப்புட்டியா?"

"இல்ல. தண்ணி மட்டும்."

உம்மா கையைக் கழுவினார். ஈரக் கையால் என் நெற்றியைத் தடவினார்.

"நாளைக்கு வேணாம். இன்டைக்குப் புடிச்சத நாம ரெண்டு பேரும் தெரிஞ்சிருந்தாக் காணும்."

அவ்வளவுதான். எனக்கு அடி விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பாலமுனையில் இருந்து ஒரு செய்தியும் வரவில்லை. ஐந்து நாள், பத்து நாள். வெள்ளிக்கிழமை வயலில் இருந்து வந்த வாப்பா, "அவங்களுக்கு மனசில்ல போல" என்றார். சாச்சா, "பொறுங்க காக்கா" என்று சொல்லிவிட்டு வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனார். ராத்தா கருகிய புதினா பேசினுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதில் தண்டுகூட மிச்சம் இல்லை. ஒரு நாள் நானும் வாளியைப் பிடித்தேன்.

"ராத்தா, உம்மா மறக்கல்ல. நான்தான் உப்புப் பாக்காமப் பாத்தன் எண்டு சொன்னன். பகல் சோத்தையும் கோழிக்குப் போட்டிட்டன். நோன்பு."

ராத்தா வாளியைக் கீழே வைத்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கள்ளி" என்றாள். "என்ட கலியாணத்தக் கோழிக்குப் போட்டிட்டியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்துவிட்டது. அவள் அழுவதைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான்தானே.

தமிழ்க் கொப்பியில் நடுத்தாளைக் கிழித்து எழுதினேன். நான் வாழ்க்கையில் எழுதிய முதல் கடிதம். அது இன்னும் எனக்கு மனப்பாடம்.

"பாலமுனை மாமிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அன்று கஞ்சியில் உப்புக் கூடியதற்கு உம்மா காரணம் இல்லை. நான் களவாக நோன்பு பிடித்துக்கொண்டு உப்புப் பார்த்ததாகப் பொய் சொன்னேன். ராத்தா நன்றாகச் சமைப்பா. இத்துடன் பச்சை உப்பு அனுப்புகிறேன். இதில் உப்பு இருக்கிறது. வேறு உப்புப் போட வேண்டாம். யாரையாவது உப்புப் பார்க்கச் சொல்லவும்."

சிவப்பு மூடிப் போத்தலை, அடியில் மிச்சமிருந்த பச்சை உப்போடு, அப்படியே துணியில் சுற்றிக் கடிதத்தோடு சாச்சாவிடம் கொடுத்தேன். அவர் அடுத்த நாள் அந்தப் பக்கம் போவதாக இருந்தது. உம்மா போத்தலைத் தேடியபோது எனக்குத் தெரியாது என்றேன். ஒரு பொய்யைச் சரிசெய்ய இன்னொன்று.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் பாலமுனைக்காரர் வந்தார்கள். இந்தத் தடவை ஆண்களும் வந்தார்கள், பலகாரத் தட்டோடு. மாப்பிள்ளையின் உம்மா ஒரு பையில் இருந்து எங்கள் போத்தலை எடுத்து உம்மாவின் கையில் வைத்தார். வெறுமையாக இல்லை. வாய்வரை நெத்தலிக் கருவாடு. உம்மா அந்தப் போத்தலைப் பிறகு எத்தனையோ தரம் சாம்பல் போட்டுக் கழுவினார், வெயிலில் கவிழ்த்தார், எலுமிச்சை தேய்த்தார். கருவாட்டு வாசம் போகவே இல்லை. பச்சை உப்புக்கு வேறு போத்தல் தேட வேண்டியதாயிற்று. அந்தப் போத்தல் எப்போது உடைந்தது, யார் உடைத்தார்கள் என்று தெரியவில்லை. மூடி மட்டும் ரொம்ப நாள் கிணற்றடியில் சவர்க்காரம் வைக்கக் கிடந்தது.

நான் பல வருடங்கள் ஒரு பெருமையோடு வளர்ந்தேன். ராத்தாவின் கலியாணத்தை என் கடிதம்தான் காப்பாற்றியது என்று. சாதாரண தரப் பரீட்சை, உயர் தரப் பரீட்சை என்று எங்கள் வீட்டில் யாரும் ஏறாத படிகளில் நான் ஏறியபோதெல்லாம் அந்தக் கடிதம் எனக்குள் இருந்தது. எழுதினால் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கை. பல்கலைக்கழகத்தில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள், ராத்தாவின் மாமியாரிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"கடிதமா?" என்றார் அவர். "நீ கடிதம் எழுத முன்னமே நான் முடிவெடுத்திட்டன் மகள். நீ குடத்தடியில நிண்டு தண்ணி குடிச்ச கோலத்தப் பாத்த உடனே எனக்கு வெளங்கிட்டு, இது நோன்பு எண்டு. ஒங்கட உம்மா 'என்ட பிழை' எண்டு சொன்னாவே, அந்த ஊட்டுக்கு என்ட மகன நம்பி அனுப்பலாம் எண்டு அங்கேயே நினைச்சன்."

"அப்ப ஏன் மாமி அத்தன நாள் ஒண்டும் சொல்லி அனுப்பல்ல?"

"நோன்புக்குள்ள என்ன கலியாணப் பேச்சு? பெருநாள் முடியட்டும் எண்டு இருந்தம். நீங்க என்ன நினைச்ச?"

நான் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், மட்டும் அந்தக் கடிதம் தன்னிடம் பத்திரமாக இருப்பதாக இன்றைக்கும் சொல்கிறார். காட்டச் சொன்னால் அலுமாரிச் சாவியைத் தேடுகிறார்.

வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து நகர்ந்து, இந்த வருடம் நோன்பு மாரி மழை ஓய்ந்த கையோடு வந்தது. கச்சானும் இல்லை, கருகலும் இல்லை. கிணற்றடியில் புதினா பேசினைத் தாண்டி நிலத்தில் ஓடுகிறது. பச்சை உப்புக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனாலும் உம்மா அரைத்து வைத்திருந்தார். முன்வீடு ராத்தாவுடையது, உம்மா, வாப்பா, நான் மூவரும் வளவின் பின்னால் இருக்கிற சின்ன வீட்டில் இருக்கிறோம். ராத்தாவின் பிள்ளைகள், கடைக்குட்டி உட்பட, எல்லாரும் இப்போது நோன்பாளிகள். சமையல் என் கையில். உம்மாவுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. மருந்து மாற்றிய டொக்டர் இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓட்டோவில் மருந்துச் சிட்டையை மடித்து விரித்துக்கொண்டிருந்தார். வாசலில் இறங்கும்போது கேட்டார்.

"அப்ப நான் என்ன செய்யிற?"

"உப்புப் பாருங்க உம்மா" என்றேன். "அதுவும் நன்மதான்."

நேற்று அஸர் தாண்டி, பொழுது சாய்கிற நேரம். தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். உம்மாவைக் கூப்பிட்டேன். வந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்று ஊதினார். கொஞ்ச நேரம் நின்றார்.

"அளவா இரிக்கி மகள். இனி ஒண்டும் போடாத."

அடுப்பை அணைத்துவிட்டுச் சுவர்த் தட்டைப் பார்த்தேன். பச்சை உப்புப் போத்தல் மூடி திறக்காமல் இருந்தது. கஞ்சியில் உப்பே போடாமல், மறந்துபோய் உம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன்.

உம்மாவின் முந்தானை நுனியில் ஈரம்.

"உம்மா, நாக்க நீட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். பிறகு, அறுபதை நெருங்குகிற என் உம்மா, ஒரு சின்னப் பிள்ளை போல நாக்கை நீட்டினார்.

சீனி பார்க்கும் கருவியை எடுத்துவந்து அவர் விரலில் குத்திப் பார்த்தேன். பயப்படும்படி இல்லை. பாங்குக்கு இருபது நிமிடம் இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, பக்கத்தில் பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் வைத்தேன்.

"நாளைக்கு வேணாம் உம்மா. இன்டைக்குப் புடிச்சத நாம ரெண்டு பேரும் தெரிஞ்சிருந்தாக் காணும்."

உம்மா என் நெற்றியைத் தடவினார். நான் போத்தலைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன். புதினா வாசம் எழும்பியது. கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். உப்புப் பார்ப்பதற்கு எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.